ஆரணி முட்டிகளும் இரண்டு நிற மாத்திரைகளும்

பினாங்கில் நான் வேலை பார்த்த டாக்டர் அம்மாவுக்கு ஒரு கொடியின் மேல் பைத்தியம். கிளினிக்கின் பின்வேலியில் தன்பாட்டுக்கு ஏறிக் கிடந்த முடக்கத்தான் கொடி அது. தேய்ந்துபோன மூட்டின் வலியையும் வீக்கத்தையும் அடக்குகிற சத்து ஒன்று அந்த இலையில் இருக்கிறது என்பது அவருடைய கட்சி. பின்னறையில் குடுவை குடுவையாக இலையை ஊறப்போட்டு, வடித்து, வற்றவைத்து, பொடியாக்கிக்கொண்டே இருப்பார். இலை பறிப்பது, குடுவை கழுவுவது, அவ்வப்போது "அபாரம் டாக்டர்" என்று சொல்வது ஆகிய மூன்றும் என் வேலை. சம்பளம் மூன்றாவதற்குத்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தப் பின்னறைக்கு ஆபத்து வந்தது. கிளினிக்கில் பங்காளியான இன்னொரு டாக்டர், அங்கே எக்ஸ்ரே மெஷின் வைத்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். இலை வேலை செய்கிறது என்று காட்டினால் அறை எங்களுக்கு. காட்டாவிட்டால் எக்ஸ்ரேவுக்கு. எக்ஸ்ரே மெஷினுக்கு இலை பறித்துப் போட ஆள் தேவையில்லை என்பதால், என் சோறும் அந்தக் கொடியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

டாக்டரின் சித்தி மகள் கிரேஸ் டீச்சர் ஆரணியில் இருந்தார். பக்கத்து முள்ளிப்பட்டில் வீட்டுக்கு வீடு பட்டுத்தறி. தரையில் குழி வெட்டி, அதற்குள் காலை விட்டு உட்கார்ந்து, பொழுதுக்கும் மிதிக்கட்டையை மிதிக்கிறார்கள். நாற்பதைத் தாண்டினால் முட்டி மக்கர் பண்ண ஆரம்பித்துவிடும். இதைக் கேட்டதும் டாக்டரின் கண்கள் பளபளத்தன. அடுத்தவர் முட்டி வலியில் இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை.

இரண்டு நிறத்தில் கேப்ஸ்யூல் மாத்திரைகள் தயாராயின, சிவப்பும் மஞ்சளும். ஒன்றில் இலைச் சத்து, மற்றதில் வெறும் அரிசி மாவு. தெருவில் ஒரு வரிசைக்குச் சிவப்பு, எதிர் வரிசைக்கு மஞ்சள் கொடுத்து, எந்த வரிசை முட்டி தேறுகிறது என்று பார்க்க வேண்டும். எதில் எது என்று எனக்கே சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு டாக்டரே அடைத்தார். "உனக்குத் தெரிந்தால் உன் மூஞ்சி காட்டிக் கொடுத்துவிடும்" என்றார். என் மூஞ்சியைப் பற்றி அவர் சொன்ன மற்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை.

மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி டப்பாவைத் திறந்து பார்த்து, என்ன மருந்து என்று கேட்டார். ஒன்று மருந்து, ஒன்று மாவு என்றேன். எது மாவு என்றார். தெரியாது என்றேன். மாவை எதற்காகக் கடல் தாண்டி எடுத்து வருகிறாய் என்றார். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெட்டியில் சாக்கட்டியால் குறி போட்டு, பத்திரமாகப் போய்வரும்படி மிகவும் கனிவாகச் சொன்னார்.

ஆரணி பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. கண்டக்டர் டப்பாவை எஞ்சின் மூடிமேல் வைக்கச் சொன்னார். அந்தச் சூட்டில் வைத்தால் மாத்திரையெல்லாம் உருகிக் கூழாகிவிடும். முடியவே முடியாது என்று டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என்னையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "வூட்டுக்காரருங்களா?" என்று கேட்டாள். டப்பாவில் இருப்பது அஸ்தி என்று அவள் முடிவு கட்டியது எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அதற்குள் எழுந்து எனக்கு இடம் விட்டிருந்தாள். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனால் கால் கடுத்துக்கொண்டிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டேன். நடுவழியில் பஸ் நின்று எல்லோரும் இறங்கித் தள்ளியபோதுகூட, விதவை என்று என்னை மட்டும் விட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலையில் கிரேஸ் டீச்சர் தோசை வார்த்துப் போட்டார். தோசை பச்சையாக இருந்தது. எங்கள் பினாங்கில் பச்சை நிறத்தில் பலகாரம் உண்டு, ஆனால் அது இனிக்கும். இது இனிக்கவில்லை. லேசான கசப்பும் மிளகு வாசனையுமாக நன்றாகவே இருந்தது. மூன்றாவது தோசையில், இது என்ன என்று கேட்டேன். முடக்கத்தான் என்றார். முட்டிக்கு நல்லது, இந்தப் பக்கம் எல்லார் வீட்டிலும் வாரத்துக்கு ஒரு தரமாவது வார்ப்போம் என்றார்.

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். எந்த இலையைப் பொடியாக்கி, மாத்திரையில் அடைத்து, விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்தோமோ அந்த இலையை இவர்கள் சட்னி தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பினாங்கில் பிறந்து வளர்ந்த டாக்டருக்கு இது எப்படித் தெரியும்? சோதனை முடிகிறவரை முள்ளிப்பட்டில் யாரும் முடக்கத்தான் தோசை சாப்பிடக் கூடாது என்று டீச்சர் மூலம் தடை போட வேண்டியதாயிற்று. மருந்து கொடுக்க வந்தவள் முதல் வேலையாக மருந்தை நிறுத்தினாள் என்று டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முள்ளிப்பட்டில் எங்களை வரவேற்றவர் ஏகாம்பரம் முதலாளி. பட்டு நூலும் ஜரிகையும் வாங்கி, தெருவில் உள்ள தறிகளுக்கெல்லாம் பங்கிட்டுக் கொடுத்து, சேலையாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறவர். வெள்ளை வேட்டி, பெரிய மீசை, அந்த மீசைக்குச் சம்பந்தமே இல்லாத சின்னக் குரல். தறி வீட்டுக்குள் எது போவதானாலும் தன் கை வழியாகத்தான் போகும், அதுதான் இங்கே வழக்கம் என்றார். எனக்கும் நல்லதாகப் போயிற்று. கிழக்கு வரிசைக்குச் சிவப்பு, மேற்கு வரிசைக்கு மஞ்சள், தினம் காலையில் ஆளுக்கு ஒன்று என்று சொல்லி டப்பாக்களை ஒப்படைத்தேன். ஒன்று மாவு என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. "நூலே பங்கு வெக்கிறவன், இது ஒரு வேலைங்களா" என்று வாங்கிக்கொண்டார்.

கிழக்கு வரிசையில் முதல் வீடு சகுந்தலாவுடையது. வாய் ஓயாத பொம்பளை. வலது முட்டி வீங்கியிருந்தது. மதியம் சாப்பாட்டுக்கு அவளைக் குழியிலிருந்து ஏற்ற, புருஷன் ஒரு கையையும் கொழுந்தன் ஒரு கையையும் பிடித்து இழுப்பார்கள். இழுக்கும்போதெல்லாம் அவர்கள் இருவரையும் திட்டுவாள். அது எப்படி இருக்கும் என்று பார்க்க நானும் குழிக்குள் இறங்கினேன். இறங்கியது சுலபமாகத்தான் இருந்தது. பினாங்கில் தின்றதெல்லாம் ஏறும்போதுதான் கணக்குக்கு வந்தது. புருஷன், கொழுந்தன் இருவருக்கும் மூச்சு வாங்கியது. கடைசியில் முதலாளியே வந்து பின்னாலிருந்து சொல்லிக் கொடுக்க, ஒருவழியாகக் கரையேறினேன். அன்றிலிருந்து தெருவில் என் பெயர் பினாங்கம்மா. அதில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று நான் ஆராயவில்லை.

தினமும் போய், ஒவ்வொருவரையும் குழியிலிருந்து எழுப்பி, தெருக்கோடிக் குழாய்வரை நடக்கவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்பேன். கொஞ்ச நாளில் கிழக்கு வரிசை "தேவலாங்க" என்றது. சந்தோஷமாக எதிர்ப்பக்கம் போனால் மேற்கு வரிசையும் "தேவலாங்க" என்றது. மேற்கு வரிசையில் எஸ்தர் என்று ஒருத்தி, சகுந்தலாவுக்கு நேர் எதிர் வீடு. எஸ்தரின் முட்டி ஒரு பங்கு தேறினால், சொல்லிவைத்த மாதிரி சகுந்தலாவின் முட்டியும் அதே பங்கு தேறியது. இரண்டும் ஒரே மாதிரி தேறினால், இலைக்கும் மாவுக்கும் வித்தியாசமில்லை என்று ஆகும். எக்ஸ்ரே மெஷின் உள்ளே வரும், நான் வெளியே போவேன்.

இந்தக் கவலையில்தான் ஒரு நாள் பஸ் மாறி ஏறினேன். முள்ளிப்பட்டுக்கு ஏறியவள் வந்தவாசியில் இறங்கினேன். அங்கே எல்லாக் கடையிலும் பாய். வந்ததற்கு ஒன்றாவது வாங்குவோம் என்று கோரைப்பாய் ஒன்று வாங்கினேன். திரும்பும்போது சுருட்டிய பாய் பஸ்ஸில் ஒருவர் தலையைத் தட்டியது. நான் திரும்பி மன்னிப்புக் கேட்டேன், அது மறுபக்கத்தில் இருந்தவரையும் தட்டியது. ஆரணி வரும்வரை நான் திரும்பவே இல்லை.

மறுநாள் பயத்தில் முதல் பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டேன். வழக்கத்தைவிட வெகு சீக்கிரமாக முள்ளிப்பட்டில் இறங்கி முதலாளி வீட்டுக்குள் நுழைந்தால், அவர் ஒரு பித்தளைத் தாம்பாளத்தின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். தாம்பாளம் முழுக்க இரண்டு நிற மாத்திரைகளும் கலந்து கிடக்கின்றன. ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள் என்று ஜோடி ஜோடியாகக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருக்கிறார். ஒரு வீட்டுக்கு ஒரு பொட்டலம். இன்றைக்குச் சிவப்பு, நாளைக்கு மஞ்சள்.

என்ன செய்கிறீர்கள் என்று கேட்டபோது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"பங்கு வெக்கிறங்க" என்றார் நிதானமாக. "நீங்க சொன்ன மாதிரி குடுக்க முடியுங்களா? ஒரு வூட்டுக்கு உடலு நூலு மட்டும், இன்னொரு வூட்டுக்குக் கரை நூலு மட்டும் குடுத்தா எவன் சேலை நெய்வான்? ரெண்டு கலரும் அல்லா வூட்டுக்கும் போனாத்தான் தெருவுல பேஜார் இல்லாம இருக்கும். மொத நாள்லேர்ந்து அப்படித்தான் குடுத்துகினு கீறேன்."

வந்தவாசிப் பாய் கையில் இருந்திருந்தால் அதிலேயே படுத்திருப்பேன். தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஒன்று மருந்து, ஒன்று வெறும் மாவு, ஒரு வரிசைக்கு மாவு கொடுத்தால்தான் மருந்தின் யோக்கியதை தெரியும், எல்லாம் நாசமாகிவிட்டது என்று புலம்பினேன். முதலாளியின் மீசை ஒரு பக்கமாக ஏறி இறங்கியது. என் சத்தம் கேட்டுத் தெருவே வாசலில் கூடியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். முன்னால் நின்றவள் சகுந்தலா.

"எங்க வூட்டுக்கு எதுங்க? மாவா?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது.

"தெரியாமயே எங்களுக்கு மாவு துன்னக் குடுத்துட்டு, முட்டி எப்படி இருக்குதுன்னு தெனம் கேட்டீங்களா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனாலேயே எனக்கு அவமானமாக இருந்தது.

ஆரணி தந்தி ஆபீசில் டிரங்க் கால் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். கூடவே முதலாளியும் சகுந்தலாவும் எஸ்தரும் வந்து குந்திக்கொண்டார்கள். பினாங்கு கிடைத்ததும் டாக்டர் நலம்கூட விசாரிக்கவில்லை. சிவப்பா மஞ்சளா, அதை மட்டும் சொல்லு என்றார். அந்த ஒரு நொடியில் ஏதாவது ஒரு நிறத்தைச் சொல்லிவிடலாமா என்று எனக்கு நாக்கு நமநமத்தது. பாதிக்குப் பாதி வேலை பிழைக்கும். ஆனால் எதிரே மூன்று பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன்.

டாக்டர், நிறம் போட்டது என் மடத்தனம், மறுபடியும் செய்வோம், இந்த முறை எல்லாமே வெள்ளை என்றார். எக்ஸ்ரேக்காரரிடம் எப்படியாவது தவணை வாங்குகிறேன் என்றார். இதை நான் திருப்பிச் சொன்னதும் முதலாளியின் முகம் மலர்ந்தது. ஒரே நிறம் என்றால் இன்னும் சௌகரியம், இரண்டு டப்பாவையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்துவிடுகிறேன் என்றார். ஒரே நிறமாக இருந்தாலும் இரண்டு தொட்டியில் சாயம் போட்ட நூலைக் கலக்காமல் நெய்தால் சேலையில் பட்டை பட்டையாக விழுமாம். இனிமேல் ஒவ்வொரு மாத்திரையையும் நானே என் கையால் அவரவர் வாயில் போட்டு, விழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன் என்று போனில் கத்தினேன். தந்தி ஆபீசே திரும்பிப் பார்த்தது.

சகுந்தலா என் முந்தானையை இழுத்தாள். இந்த முறை மாவு தின்கிற வரிசைக்கு அப்புறமாக மருந்து கொடுக்க வேண்டும், அதற்கு டாக்டரம்மா சத்தியம் பண்ண வேண்டும் என்றாள். டாக்டர் பினாங்கிலிருந்து சத்தியம் பண்ணினார். என் திரும்பும் டிக்கெட் தள்ளிப்போடப்பட்டது. எங்கள் தெருமுனை மீன்குழம்பு நூடுல்ஸை நினைத்து அன்று எனக்கு அழுகையே வந்தது.

புது மாத்திரைகள் வந்து சேரும்வரை பொழுது போகாமல் டீச்சரோடு திருமலைக்குப் போனேன். திருப்பதித் திருமலை இல்லை, ஆரணிப் பக்கத்துச் சமணர் மலை. பாறையில் வெட்டிய படிகள், குகைகள், பெரிய பெரிய கல் உருவங்கள். எல்லாம் அழகுதான். ஆனால் பாதிப் படியில் என் முட்டியே என்னோடு பேச ஆரம்பித்துவிட்டது. டீச்சர் என்னைவிட மூத்தவர். அவர் மேலே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கும்வரை நான் மோர் விற்கிறவரிடம் உட்கார்ந்து மோர் குடித்தேன். மலையைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

இரண்டாம் சுற்று ஒழுங்காக நடந்தது. கிழக்கு வரிசைக்கு ஒரு டப்பா, மேற்கு வரிசைக்கு ஒரு டப்பா. காலையில் நான் தெருவில் நுழைந்தால் எல்லோரும் வாசலில் வாயைத் திறந்துகொண்டு நிற்பார்கள். மாத்திரையைப் போட்டு, தண்ணீர் கொடுத்து, வழக்கம்போலக் குழாய்வரை நடக்கவிட்டு வருவேன். முதலாளி பின்னாலேயே வந்து மேற்பார்வை பார்ப்பார். நாளாக ஆகத் தெருவில் ஒரு புது விஷயம் பரவியது. தங்களுக்குக் கிடைப்பதுதான் மருந்து என்று கிழக்கு வரிசைக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. மேற்கு வரிசைக்கும் அதே மாதிரி நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. சகுந்தலா ஒருநாள் மதியம் யாரையும் கூப்பிடாமல், குழியின் விளிம்பைப் பிடித்துத் தானாக ஏறி வந்தாள். புருஷனும் கொழுந்தனும் திட்டு வாங்காமல் சாப்பிட்டார்கள்.

சோதனை முடிகிற சமயம். ஒரு காலை, எல்லோர் வாயிலும் போட்டுவிட்டுத் தெருமுனை திரும்பியவள், குடையை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தேன். நடுத்தெருவில் சகுந்தலா கிழக்கிலிருந்து வருகிறாள். எஸ்தர் மேற்கிலிருந்து வருகிறாள். இருவரும் கையை மூடிக்கொண்டு, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வருகிறார்கள். என்னைக் கண்டதும் இருவரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். பாவம், எதிர் வரிசைக்காரி வெறும் மாவைத் தின்றுகொண்டிருக்கிறாளே என்று சகுந்தலாவுக்கு மனசு கேட்கவில்லை. அன்றைய மாத்திரையை விழுங்காமல் கன்னத்தில் அடக்கி, எஸ்தருக்குக் கொடுக்கக் கொண்டுவந்திருக்கிறாள். அதே காலையில், அதே பாவத்துக்காக, எஸ்தரும் தன்னுடையதைக் கன்னத்தில் அடக்கி சகுந்தலாவுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். கையைத் திறக்கச் சொன்னேன். கன்னத்து ஈரத்தில் இரண்டு மாத்திரைகளின் தோலும் இளகிப் பிளந்திருந்தன. எஸ்தரின் உள்ளங்கை பச்சை. சகுந்தலாவின் உள்ளங்கை வெள்ளை.

முதலாளி எட்டிப் பார்த்து, சகுந்தலாவின் கையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்து, அரிசி என்றார்.

எனக்கு அவளைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. தானம் கொடுக்க வந்தவளின் கையில் மாவு. உங்களுக்கு நாளையிலிருந்தே மருந்து கொடுக்கிறேன், டாக்டர் சத்தியம் பண்ணியிருக்கிறாரே என்று அவசர அவசரமாகச் சொன்னேன்.

சகுந்தலா கையையும் பார்த்தாள், முட்டியையும் பார்த்தாள். முட்டியை ஒரு தரம் மடக்கி நீட்டினாள்.

"மருந்து வேணாங்க" என்றாள். "நான் தானா குழிலேர்ந்து ஏறுனது இத்தத் துன்னுகினுதானே. எனக்கு மாவுதான் ஒத்துக்கினுச்சு. அதியே குடுங்க."

கிழக்கு வரிசை மொத்தமும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டது. கைகண்டதை விட்டுவிட்டு எதற்குப் புதுசாக ஒன்றைத் தின்று பார்க்க வேண்டும் என்றார்கள். எஸ்தரும் மேற்கு வரிசையும், தங்களுக்கு இலைதான் கேட்கிறது, அதைத் தொடர்ந்து அனுப்ப வேண்டும் என்றார்கள். முதல் சுற்றில் பாதி இலை தின்றீர்களே, தினம் குழியை விட்டு எழுந்து குழாய்வரை நடந்தீர்களே, எதனால் தேறியது என்று எப்படிச் சொல்ல முடியும் என்று நான் தொண்டை வற்றக் கேட்டேன். கண்டுபிடிக்கிறது உங்கள் வேலை, முட்டி எங்கள் வேலை என்று முதலாளி சொல்லிவிட்டார். இந்த முறை அவர் எதையும் கலக்கவில்லை.

டாக்டரிடம் போனில் இதைச் சொன்னபோது சீட்டுக் கிழிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் சிரித்தார். சிரித்து முடித்ததும், இலை தோற்றது என்று சொல்ல முடியாது, ஜெயித்தது என்றும் சொல்ல முடியாது, சொல்ல முடியாதவரை அந்த அறையை மூட எவனுக்கும் உரிமையில்லை என்றார். எக்ஸ்ரே மெஷினை மாடிப்படிக்குக் கீழே வைத்துக்கொண்டார்கள்.

ஊர் திரும்பினேன். வந்த மறுநாளே வேலை தொடங்கிவிட்டது. மேற்கு வரிசைக்கு இலைப்பொடி, கிழக்கு வரிசைக்கு அரிசி மாவு. மாவு மாத்திரை கொஞ்சம் சின்னதாகிவிட்டால் சகுந்தலாவிடமிருந்து புகார் வரும். சில வருஷங்கள் இதே பிழைப்புதான். ஆரணி அரிசி என்றால் மெட்ராஸில்கூடத் தனி மவுசு என்று பிறகு யாரோ சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்த ஊருக்குப் பினாங்கிலிருந்து அரிசி மாவு அனுப்பிச் சோறு தின்றவள் நான்.